ஜூன் ஐந்தில் பிறந்த பிள்ளை

1. முதல் நாள் பரீட்சை

ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். கம்ப்யூட்டரில் ஒன்றன்பின் ஒன்றாக நூறு முகங்கள் வரும். ஒவ்வொரு முகத்துக்கும் பதினாறு வயது ஆகிவிட்டதா, இல்லையா என்று சொல்ல வேண்டும். நான் ஐம்பத்தெட்டு சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே ஐம்பது தேறியிருக்கும் என்று என் கணவர் லூர்து அன்று சாயங்காலம் சிரித்தார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் தொண்ணூற்று மூன்று சொன்னாள். பெயர் வைதேகி. அன்று காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்தது என் வயிற்றெரிச்சல்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் பதினாறு வயது ஆகாத பிள்ளைகள் சோஷியல் மீடியாவில் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் முகத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். மெஷின் அதைப் பார்த்து ஒரு வயது சொல்லும். மெஷின் ‘சின்னப் பிள்ளை’ என்று கணக்கைப் பூட்டிவிட்டால், ‘இல்லை, எனக்குப் பதினாறு முடிந்துவிட்டது’ என்று அப்பீல் போடலாம், கூடவே ஒரு ஆவணமும் அனுப்பலாம். அங்கே குடியேறிய நம்மூர்க் குடும்பத்துப் பிள்ளைகள் அனுப்பும் இந்திய ஆவணங்களை அங்கே உள்ளவர்களால் படிக்க முடியாது. அந்த அப்பீல்கள் தில்லைநகரில் எங்கள் மாடி ஆபீஸுக்கு வரும். ஒரு அப்பீல் ஒரு டிக்கெட். திற, பூட்டு, மேலே அனுப்பு என்று மூன்று பொத்தான்கள்.

அதற்கு முன் நான் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியின் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தேன். அட்மிஷன் ரெஜிஸ்டர், டி.சி., வயதுச் சான்று எல்லாம் என் கை எழுதியவை. போலி சீல் என்றால் மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். வைதேகி ஸ்ரீரங்கத்தில் தன் கணவரோடு சேர்ந்து போட்டோ ஸ்டூடியோ நடத்தியவள். அவருக்கு உடம்பு முடியாமல் போனதும் கடையைக் கைமாற்றிவிட்டு வேலைக்கு வந்தாள். என்னைவிட ஒரு வயதுதான் சின்னவள், ஆனால் பார்ப்பதற்கு ஏழெட்டு வயது சின்னவளாகத் தெரிவாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மேனேஜர் பிரபு முப்பதைத் தாண்டியவர், கைலாசபுரம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர். மார்க்கைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வைதேகி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“மேடம், இது எப்படி மேடம்? எங்க டிரெயினருக்கே எண்பதுக்கு மேல வரலை!”

“எல்லாம் பெருமாள் கடாக்ஷம். நான் என்ன பண்ணினேன்? ஜூன் மாசம் ஆனா ஸ்கூலுக்குப் போட்டோ எடுத்துக்கக் கொழந்தைகள் கியூவுல நிக்கும். அதே மூஞ்சிகள் வருஷா வருஷம் வரும். எது மாறறது, எது மாறலைன்னு கண்ணு தானாப் பழகிடுத்து.”

பெருமாள் கடாக்ஷமாம்! எனக்கு மட்டும் அந்தோணியார் கண்ணைக் கட்டிவிட்டாரா? என் ஐம்பத்தெட்டைப் பற்றிப் பிரபு ஒன்றும் சொல்லவில்லை. “நீங்க டாக்குமெண்ட் சைடு பாத்துக்கங்க ஸ்டெல்லா மேடம்” என்று மட்டும் சொன்னார்.

2. ‘ஸ்ரீரங்கத்துக்கு அனுப்புங்க’

இரண்டே மாதத்தில் அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாருக்காவது ஒரு முகத்தில் சந்தேகம் வந்தால், பிரபு தன் இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்: “ஸ்ரீரங்கத்துக்கு அனுப்புங்க!” அந்த டிக்கெட் வைதேகியின் திரைக்குப் போகும். அவள் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு இரண்டு தடவை வீடியோவை ஓட்டிப் பார்ப்பாள். பிறகு ‘பதினாலு’ என்பாள், அல்லது ‘இது பெருசு, விட்டுடலாம்’ என்பாள். மறு பேச்சு கிடையாது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து ரகசியத்தைக் கேட்டார்கள். புளியோதரையைப் பங்கு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

“சின்னது கேமரா லென்ஸைப் பாக்கும். போட்டோ எடுக்கறான்னா அங்கேதான் பாக்கணும்னு யாரோ சொல்லிக் குடுத்திருப்பா. பெருசு லென்ஸைப் பாக்காது, ஸ்கிரீன்ல தன் மூஞ்சியைத்தான் பாத்துண்டிருக்கும். அம்மாவோட லிப்ஸ்டிக்கைப் பூசிண்டு வந்தாலும் கண்ணு எங்கே போறதுன்னு பாருங்கோ.”

எல்லோரும் “அடேயப்பா” என்றார்கள். நான் என் டப்பாவை மூடினேன். அதே வாரம் ஒரு போலிப் பிறப்புச் சான்றிதழைப் பிடித்திருந்தேன். அதில் இருந்த பதிவாளர் சீல், அந்தத் தேதிக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் அந்த வடிவத்துக்கு மாறியது. இதைக் கண்டுபிடிக்கத் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள். பிரபு “ஓகே மேடம், சூப்பர்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். புளியோதரைக்குக் கிடைத்த மரியாதைகூட என் சீலுக்குக் கிடைக்கவில்லை.

நானும் விடவில்லை. தினமும் மேலப்புதூரிலிருந்து பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எதிரில் நிற்கும் பிள்ளைகளின் வயதை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பழகினேன். சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டுத்தானே ஆக வேண்டும்? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பையை மாட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, “ஏம்மா, பத்தாவதா படிக்கிற?” என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, நான் பத்தாவதுக்குப் பாடம் எடுக்கறேன்.”

வீட்டில் லூர்துவிடம் சொன்னேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“அந்த அம்மாவுக்குக் கண்ணு நல்லாருக்கு. உனக்குக் கையெழுத்து நல்லாருக்கு. உனக்கு எதுக்கு இப்ப அவ கண்ணு?”

“எனக்கு அவ கண்ணு வேணாம். அவளுக்கும் அது இருக்கக் கூடாது.”

சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. மாதாவே, என்ன பேச்சு இது என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். ஆனால் சொன்னது பொய்யில்லை. சும்மா அழகாக இருக்கிறாள், நன்றாகச் சமைக்கிறாள் என்று வருகிற எரிச்சல் வேறு. நாம் பிழைக்கும் வேலையில் நம்மைவிடச் சுலபமாக ஒருத்தி ஜெயிக்கும்போது வருவது வேறு. இது தூங்கவிடாது.

3. எனக்குத் தெரிந்த கையெழுத்து

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு சீட் வரப்போவதாகப் பிரபு சொன்னார். ஃபைனல் ரிவியூவர். ஒருவர்தான். இரண்டு பேர் வெவ்வேறு முடிவு சொன்ன டிக்கெட்டுகளில் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. வைதேகியா, ஸ்டெல்லாவா என்று ஆபீஸில் பேச்சு ஓடியது. ஓடியது என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். உண்மையில் எல்லோரும் வைதேகி என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

ஒரு விதியை இங்கே சொல்ல வேண்டும். திரையில் வரும் முகமோ ஆவணமோ நமக்கு முன்பே தெரிந்ததாக இருந்தால், ஓரத்தில் ‘தெரிந்தது’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் டிக்கெட் வேறு ஆளுக்குப் போய்விடும். பெயர், முகவரி எல்லாவற்றையும் கறுப்படித்துத்தான் காட்டுவார்கள். இருந்தாலும் உலகம் சின்னது என்பதற்காக அந்தப் பொத்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதற்குக் கையெழுத்து வாங்கினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வைதேகி பூட்டிய ஒரு டிக்கெட், புதிதாக ஓர் ஆவணம் சேர்த்து மறு அப்பீலாகி இரண்டாம் பார்வைக்கு என்னிடம் வந்தது. ஒரு பெண் பிள்ளை. வைதேகி குறிப்பு எழுதியிருந்தாள்: ‘பதினஞ்சைத் தாண்டி ரெண்டு மூணு மாசம் இருக்கும். பதினாறு நிச்சயமா இல்லை.’ மாசக் கணக்கு வேறு! ஜோசியமா பார்க்கிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே ஆவணத்தைத் திறந்தேன்.

ஒரு டி.சி. எங்கள் பள்ளி டி.சி. என் கையெழுத்து.

அந்த வருஷம் கம்ப்யூட்டரில் டி.சி. எடுக்கும் வேலை அடிக்கடி மக்கர் செய்ததால் அவசரத்துக்குக் கையாலேயே எழுதிக் கொடுப்போம். நான் ‘ஐந்தாம் வகுப்பு’ என்று எழுதும்போது ‘ஐ’யின் வாலை நீட்டிவிடுவேன். வால் அங்கே நீண்டு கிடந்தது. கீழே என் இனிஷியல். பிறந்த தேதிக் கட்டத்தில் ஜூன் ஐந்து.

ஜூன் ஐந்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிள்ளைக்குச் சில மாதம், சில சமயம் பத்துப் பதினொரு மாதம்கூடக் குறையும். ஒரு வருஷம் வீணாகிவிடுமே என்று பெற்றோர் கெஞ்சுவார்கள். பிறப்புச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்பார்கள். எங்கள் எச்.எம். சிஸ்டர் இரக்கப்பட்டவர். “பாவம், தொட்டியத்துலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்காங்க. போட்டு விடும்மா ஸ்டெல்லா” என்பார். நான் போட்டு விடுவேன். எல்லோருக்கும் ஒரே தேதி போட்டால் எனக்கு ஞாபகம் இருக்கும் என்பதற்காக ஜூன் ஐந்து. எங்கள் ரெஜிஸ்டரில் ஜூன் ஐந்தில் பிறந்த பிள்ளைகள் எக்கச்சக்கம். பெற்ற தாய்க்குத் தெரியாத பிறந்த நாள்கள் அவை.

ஆகவே அந்த டி.சி.யைப் பார்த்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பிள்ளையின் வயது கூட்டிப் போட்டது. பேப்பர் சொல்லும் பதினாறு பொய். வைதேகி எழுதியதுதான் சரி.

கை பொத்தான் பக்கம் போனது. ‘தெரிந்தது’ என்று அழுத்தினால் வேலை முடிந்தது. அப்போது பிரபு அந்தப் பக்கமாக வந்தார். “என்ன மேடம், ஸ்ரீரங்கம் பாத்த டிக்கெட்டா? அப்ப மேடம் சொன்னது கரெக்டாத்தான் இருக்கும், சீக்கிரம் முடிச்சு விடுங்க.”

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவ்வளவுதான் என் பார்வைக்கு மதிப்பா? விதிப்படி அசல் ஆவணம் இருந்தால் முகத்துக்கு மேல் ஆவணம்தான் நிற்கும். இது அசல்தான், எழுதியவளே நான். இதைவிட அசல் எங்கே கிடைக்கும்? ‘ஆவணம் அசல். சீல், கையெழுத்து இரண்டும் சரி. பிறந்த தேதிப்படி பதினாறு முடிந்துவிட்டது’ என்று தட்டினேன். ‘திற’ என்ற பொத்தானை அழுத்தினேன்.

அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

4. வெள்ளிக்கிழமை மீட்டிங்

வாராவாரம் வெள்ளிக்கிழமை, முடிவு மாறிய டிக்கெட்டுகளைப் பெரிய திரையில் போட்டுப் பேசுவோம். முதலில் வந்தது அதுதான். வைதேகி பெயருக்கு நேரே முதல் சிவப்பு.

“மேடம், இதுல உங்க சைடு எரர் விழுந்திருக்கு” என்றார் பிரபு, சங்கடத்தோடு.

வைதேகி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். “இன்னொரு தரம் போடுங்கோ.” வீடியோ ஓடியது. அந்தப் பிள்ளை தலையை இடம் வலமாகத் திருப்பியது. கண் லென்ஸை விட்டு நகரவில்லை. “இந்தக் கொழந்தைக்குப் பதினாறு ஆகலை சார். எங்கே வேணாலும் வந்து சொல்றேன்.”

“பேப்பர் ஆயிடுச்சுன்னு சொல்லுதே, மேடம்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தேன். பதிலும் வைத்திருந்தேன்.

“பேப்பர் அசலா, ஸ்டெல்லா? நன்னா பாத்தேளா?”

“அசல்தான்” என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடத்தில் போய் உட்கார்ந்தாள். “ஸ்டெல்லா அசல்னு சொன்னா அசல்தான் சார். அவாளுக்குத் தெரியாத பேப்பர் கிடையாது. அப்போ என் கண்ணுதான் பெசகிடுத்து.”

எத்தனை மாதமாக நான் ஏங்கிய வார்த்தை அது! என்னைப் பற்றி அந்த ஆபீஸில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கடைசியில் சொன்னது அவள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. கொஞ்ச நேரம் இருந்தது.

5. கண்ணாடி

அதன் பிறகு வைதேகியின் கை மவுஸ் மேல் தயங்க ஆரம்பித்தது. இரண்டு தடவை பார்த்தவள் பத்துத் தடவை பார்த்தாள். ஒரு நாளில் அவள் முடிக்கும் டிக்கெட்டுகள் குறைந்தன. பிறகு தப்பு வர ஆரம்பித்தது. பச்சைக் குழந்தையாகத் தெரியும் ஒரு பிள்ளையை, ஆவணத்தில் பதினாறு என்று இருக்கிறதே என்று திறந்துவிட்டாள். அந்த ஆவணம் போலி. இன்னொரு நாள் மீசை முளைத்த பையனைப் பயந்துபோய்ப் பூட்டினாள். ஒவ்வொரு தடவையும் என் மேஜைக்கு வந்து நிற்பாள்.

“ஸ்டெல்லா, இதைக் கொஞ்சம் பாருங்கோ. எனக்கு ஒண்ணும் புரியலை.”

நான் பார்த்துச் சொல்வேன். ‘ஸ்ரீரங்கத்துக்கு அனுப்புங்க’ என்ற குரல் நின்றுபோனது. ஃபைனல் சீட் எனக்குத்தான் என்று பிரபு ஜாடையாகச் சொல்லிவிட்டார்.

அப்போதும் என் பொறாமை அடங்கவில்லை. அவள் வாடிப்போய் உட்கார்ந்தால் ஒருத்தி ஓடிப்போய் டீ வாங்கி வருவாள், இன்னொருத்தி தோளைத் தொட்டு ஆறுதல் சொல்வாள். நான் தோற்றபோதெல்லாம் எனக்கு யார் டீ வாங்கித் தந்தார்கள்? ஜெயித்தும் எரிந்தேன்.

நாலாவது வாரம் அவள் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். புத்தூரில் கண் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். “பவர் அதேதான் இருக்கு, மாத்தத் தேவையில்லைன்னு சொன்னார். நான்தான் பிடிவாதமா மாத்திண்டேன்” என்றாள். அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினாள்.

“நீங்க ஆபீஸ் லெட்டர் எழுதின கை. தப்பில்லாம இருக்கான்னு பாத்துக் குடுங்கோ.”

ராஜினாமாக் கடிதம். ‘என் கண் பார்வை முன்போல் இல்லாததால், குழந்தைகள் சம்பந்தப்பட்ட இந்தப் பொறுப்பை நேர்மையாகச் செய்ய இயலவில்லை’ என்று எழுதியிருந்தாள்.

“வீட்டுல எப்படி சமாளிப்பீங்க?” என்றேன். அவள் கணவர் படுக்கையில் இருப்பது எனக்குத் தெரியும்.

“பாக்கணும். ஆனா தெரியாத வேலையைத் தெரிஞ்ச மாதிரி பண்ணப் பிடிக்கலை. ஏதோ ஒரு கொழந்தைக்கு நான் தப்பா கதவைத் திறந்து விட்டுட்டா?”

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்பார்கள். நான் அதையும் தாண்டிவிட்டேன். என் மூக்கு பத்திரமாக இருந்தது. அறுந்தது அவளுடையதும், பெயர் தெரியாத அந்தப் பிள்ளையுடையதும். கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நேரே பிரபுவின் அறைக்குப் போனேன்.

6. சொன்ன பிறகு

எல்லாவற்றையும் சொன்னேன். என் கையெழுத்து, ஜூன் ஐந்து, பொத்தானை அழுத்தாதது, எதற்காக அழுத்தவில்லை என்பதும். கடைசி விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லாவிட்டால் திரும்பவும் செய்வேன் என்று தோன்றியது.

பிரபு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “மேடம், ரூல் படி டாக்குமெண்ட் அசல்தானே? யாரும் கேள்வி கேக்கலை. அடுத்த வாரம் உங்களுக்கு சீட். இப்ப எதுக்கு இதை நீங்களே கிளப்பறீங்க?”

“அந்தப் பிள்ளைக்குப் பதினாறு ஆகலை சார். வைதேகி மேடம் கண்ணுல ஒரு கோளாறும் இல்லை. நான்தான் கெடுத்தேன். இந்த லெட்டரை நீங்க வாங்கக் கூடாது.”

“ரூல் தெரிஞ்சே தொட்டிருக்கீங்க. நான் மேலே எழுதினா உங்க வேலைக்கே பிரச்சினை வரும்.”

“எழுதுங்க.”

எழுதினார். கணக்கைத் திரும்பப் பூட்டினார்கள். அங்கே உள்ள டீம் அந்தப் பிள்ளையின் அம்மாவைத் தொடர்பு கொண்டது. அந்த அம்மாவுக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. ஊரை விட்டுப் போகும்போது ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துப் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, பாஸ்போர்ட்டில் சரியான தேதியைத்தான் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் பிள்ளை பாஸ்போர்ட்டை விட்டுவிட்டுப் பழைய டி.சி.யைத் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஏன் பாஸ்போர்ட்டை அனுப்பவில்லை என்று இருபத்தாறு வருஷம் பேப்பர் பார்த்த நான் யோசிக்கவே இல்லை. பதினைந்து வயது, இரண்டு மாதம். வைதேகி எழுதிய கணக்கேதான்.

அந்தக் கணக்கு நாலு வாரம் திறந்திருந்தது. அந்த நாலு வாரத்தில் அந்தப் பிள்ளை யாரோடு பேசியது, யார் அதனோடு பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எங்களுக்குக் கிடையாது. ஒன்றும் நடந்திருக்காது என்று லூர்து சொல்கிறார். அப்படித்தான் நானும் ஜெபம் செய்கிறேன்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. டிக்கெட் தொடக் கூடாது என்று சொல்லி ஆறு மாதம் பழைய பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையில் போட்டார்கள். ஃபைனல் சீட்டில் வைதேகி உட்கார்ந்தாள். இந்த வேலைக்கு இப்போது நிறைய இளம் பிள்ளைகள் வருகிறார்கள். மற்ற நாடுகளிலும் இந்த மாதிரிச் சட்டம் வரும் என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கூட வேலை செய்பவரைப் பார்த்துப் பொறாமை வரும். வரட்டும், அதற்கு மருந்து நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பொறாமை பொங்கும் நேரத்தில் ஒரு டிக்கெட்டையும் தொடாதீர்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். திரையில் இருக்கும் பிள்ளைக்கு உங்கள் சண்டையில் பங்கு கிடையாது.

நான் செய்ததைப் பிரபு சொல்லி அவள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று, பிரபுவின் அறைக்குப் போன அன்று சாயங்காலமே வைதேகியைப் படிக்கட்டில் நிறுத்தியிருந்தேன். அவள் அழுவாள், அல்லது ‘பரவாயில்லை, விடுங்கோ’ என்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. முகம் சிவந்துவிட்டது. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“நாலு வாரம்! ராத்திரி முழுக்க ஆத்துக்காரர் போட்டோவைக் கையில வெச்சுண்டு, இது எந்த வயசுல எடுத்ததுன்னு எனக்கு நானே டெஸ்ட் வெச்சுண்டேன். குருடாயிண்டிருக்கேன்னு நெனச்சேன். உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கலாமே!”

அவள் இரண்டு படி இறங்கினாள். பிறகு நின்று, திரும்பாமலேயே சொன்னாள்:

“அன்னிக்கு மீட்டிங்குல ‘அசல்தான்’னு சொன்னேளே, அப்பவே நீங்க பொய் சொல்றது உங்க மூஞ்சியில தெரிஞ்சுது. ஆனா அதையும் என் கண்ணு பெசகினதாலதான் அப்படித் தெரியறதுன்னு நெனச்சுண்டேன்.”